தெருமுனைக்குப் போகாதவள்

இந்த வருஷத்து அருளப்பர் திருவிழா வீடியோ என் போனுக்கும் வந்தது. டிரோன் விட்டு எடுத்திருக்கிறார்கள். வேப்பிலை கட்டிய சப்பரம் எங்கள் காலனித் தெருவுக்குள் ஆடி ஆடி வருகிறது. பின்னால் ஒருவர் கணீர்க் குரலில் பேசுகிறார். முன்னோர் காலந்தொட்டு எந்த வேற்றுமையும் பார்க்காமல் எல்லாத் தெருவுக்கும் எழுந்தருளும் புனிதராம். திண்டிவனத்தில் என் தையல் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். முன்னோராவது, காலந்தொட்டாவது. ஒரு பொம்பளை பிடிவாதம் பிடித்தாள், அதனால் வந்தது. அவள் செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் செய்ததைத் தூக்கி முன்னோர் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பேரை எழுதப்போவதில்லை. கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் அத்தனை வருஷம் டிபன் கடை வைத்திருந்தவள், கடைக்கு ஒரு போர்டு வைத்ததில்லை. பேர் போட்டால்தான் இட்லி வேகுமா என்று கேட்பாள். என் வீட்டுக்காரருக்குப் பெரியம்மா. பனமலைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கும் பெரியம்மாதான்.

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அவள் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டாள். வேண்டியவர்கள் அவளிடம் வர வேண்டும். கூட்டேரிப்பட்டில் மற்ற கடைக்காரர்கள் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுவார்கள். அவித்த மல்லாட்டை, வெள்ளரிப் பிஞ்சு, தண்ணீர் பாட்டில் என்று கத்துவார்கள். பெரியம்மா அடுப்பண்டை நின்றுகொண்டு ரோட்டைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு முறை லாரிக்காரர் ஒருவர் வண்டியிலிருந்தே கையை ஆட்டி, நாலு இட்லி பார்சல் கட்டி மேலே கொண்டுவந்து கொடு என்றார். 'உனுக்கும் ரெண்டு காலு, எனுக்கும் ரெண்டு காலு. எறங்கி வந்து துன்னு' என்றாள். அவர் முறைத்துக்கொண்டே இறங்கி வந்தார். சட்னியை மூன்று தடவை கேட்டு வாங்கினார். அப்புறம் மாதம் ஒரு தடவையாவது அந்த லாரி அங்கே நிற்கும்.

ஜீப்பில் உட்கார்ந்தபடி டீ கேட்ட போலீஸ்காரருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. அவர் இறங்கவில்லை, டீயும் போகவில்லை. மறுநாள் கடைக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சு ரோட்டை அடைக்கிறது என்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். ஜனங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

அந்தக் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊர்க் கோயில் தெருக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற வழியில் அங்கேதான் சாப்பிடுவார்கள். கோயில் என்றால் எங்கள் ஊரில் மாதா கோயில்தான். அதைச் சுற்றியிருக்கிற தெருக்காரர்களும் கிறிஸ்தவர்கள், காலனியில் இருக்கிற நாங்களும் கிறிஸ்தவர்கள், ஒரே ஃபாதரிடம் ஞானஸ்நானம். ஆனால் ஊருக்குள் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஹைவேயில் அவள் ஊற்றின சாம்பாரில் இல்லாத தீட்டு, எங்கள் வாசலில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். அவர்களுக்கும் புரியாது, பாவம் விடு என்றாள்.

கோயிலுக்குள்ளேயும் அப்படித்தான். நடுவே கோயில் தெருக்காரர்கள், இடப்பக்கச் சிறகில் நாங்கள். யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சீக்கிரமே போய் நடு வரிசையில் முதல் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். திருவிழாக் கமிட்டித் தலைவர் வீட்டு அம்மா வந்து பக்கத்தில் நின்று பார்த்தார், செருமிப் பார்த்தார். பெரியம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஃபாதரே இறங்கி வந்தார். நல்ல மனுஷர், சண்டை என்றால் பயம். ஆண்டவர் வீட்டில் எல்லா இடமும் ஒன்றுதானேம்மா, அந்தப் பக்கம் போய் உட்காரலாமே என்று மெதுவாகச் சொன்னார். பெரியம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.

'அப்ப அவங்கள அந்தாண்ட ஒக்காரச் சொல்லுங்க சாமி. அதுவும் ஆண்டவர் எடந்தான?'

ஃபாதர் போய்ப் பூசையை ஆரம்பித்தார். தலைவர் வீட்டு அம்மா அன்றைக்குத் தூணோரம் நின்றபடியே பூசை கண்டார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அன்றைக்குப் பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவளைத் தெய்வமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பிடிவாதம் எங்களையும் பாடாய்ப் படுத்தும். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்குத் தலைப் பிரசவம். மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, ஆண் குழந்தை, வாங்க அத்தை என்றார். இவள் கிளம்பவில்லை. போனில் கூப்பிட்டால் போன்தான் போகும் என்று உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் அங்கே அழுகிறாள், இவள் இங்கே அரிசி களைகிறாள். கடைசியில் அந்த மனுஷர் பஸ் ஏறி வந்து வாசலில் நின்று கூப்பிட்ட பிறகுதான் புடவையை மாற்றினாள். நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சொந்தத் தம்பி வீட்டுப் படியை அவள் கடைசிவரை மிதித்ததில்லை, அவர் ஏதோ கல்யாணத்துக்கு மகனை அனுப்பிப் பத்திரிகை கொடுத்தாராம். இன்னொருத்தர் வாசலுக்குத் தானாகப் போய் நிற்பது என்றால் அவளுக்கு உயிர் போகிற காரியம்.

இனி அருளப்பரைச் சொல்ல வேண்டும். ஆற்றில் நின்று ஏசுவுக்கே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினவர். கத்திரி முடிந்தும் வெயில் முடியாத ஆனி மாதத்தில் அவர் திருநாள் வருகிறது. அதனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அவர் மழைச் சாமி. கொடியேறினதும் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றுவார்கள். கையில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார் என்பதால் அவருக்குக் கிடா நேர்ந்துவிடுவார்கள். அந்தக் குட்டியை அவர் அறுக்கவா வைத்திருக்கிறார் என்று ஃபாதர் வருஷா வருஷம் கேட்டுப் பார்க்கிறார், பிரியாணியும் வருஷா வருஷம் நடக்கிறது. குடியானத் தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் இந்துக்கள், சொந்த நிலம் வைத்துப் பயிர் பண்ணுகிறவர்கள். பங்குனியில் மயிலத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் ஆனியில் அருளப்பருக்குக் காப்புக் கட்டுவார்கள். பம்பைக்காரர்கள் மயிலத்திலிருந்து வருவார்கள். அம்மனுக்கு அடிக்கிற அதே அடி.

முக்கியமானது தண்ணீர் ஊற்றுவது. உச்சி வெயிலில் சப்பரம் கிளம்பும். தூக்குகிறவர்கள் கொடியேறின நாளிலிருந்து செருப்புப் போட மாட்டார்கள். ஒருமுறை தோளில் ஏறினால் திரும்பிக் கோயிலுக்கு வரும்வரை சப்பரம் தரையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பார்கள். முன்தண்டு பிடிக்கிறவர், 'தாயே, தண்ணி' என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டுப் பொம்பளை மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குடத்தை எடுத்து அத்தனை பேர் காலிலும் ஊற்றுவாள். அந்த வீட்டுக்குச் சாமி வந்ததாக அர்த்தம். யார் வீட்டுப் பொம்பளையாக இருந்தாலும் அன்றைக்கு அவள் தாய்.

கோயில் தெரு முழுக்க வரும். குடியானத் தெருவில் ஞானஸ்நானமே வாங்காத வீடுகளுக்கெல்லாம் வரும். வாய்க்காலோரமாக நடந்து எங்கள் காலனி முனைவரைக்கும் வரும். அங்கே திரும்பிவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். கரண்டு கம்பி தாழ்வாக இருக்கிறது, சப்பரம் முட்டும் என்றார்கள். கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். அப்புறம் சாக்கடை என்றார்கள். அதற்குக் குழாய் பதித்தாகிவிட்டது. அப்புறம் மண் தெரு, வழுக்கும், தார் போடட்டும் பார்க்கலாம் என்றார்கள். அதனால் நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போவோம். மொத்தமாக நிற்போம். யாரும் தாயே என்று கூப்பிட மாட்டார்கள், கூட்டத்தில் யாரையென்று கூப்பிடுவது? முந்தியடித்து ஊற்றிவிட்டு, சாமி முதுகைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வருவோம்.

பெரியம்மா ஒருநாளும் முனைக்கு வந்ததில்லை. குளித்து, நல்ல புடவை கட்டி, மஞ்சத் தண்ணீர்க் குடத்தோடு தன் வாசலில் நிற்பாள். பம்பைச் சத்தம் முனைவரை வந்து திரும்பித் தேய்கிறவரைக்கும் நிற்பாள். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொல்லையில் முருங்கை மரத்துக்கு ஊற்றுவாள். அந்த மரம் அப்படிக் காய்க்கும். போவலாமே பெரியம்மா, சாமிதானே என்று நான் கேட்டதற்கு, 'எல்லாரு வூட்டுக்கும் நடந்து போற சாமிக்கு எங்கூட்டாண்ட மட்டும் கால் வலிக்குதா? வரட்டும். நான் எங்கியும் போவல' என்றாள்.

ஒரு வருஷம் தார் ரோடு போட்டார்கள். திருவிழாவுக்குச் சில நாள் முன்பு வண்டிகள் வந்தன. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வாய்க்காலோரத்துப் புளியமரங்களை வெட்டினார்கள். கோயிலிலிருந்து ஆரம்பித்து, குடியானத் தெரு வழியாக, கன்னங்கரேலென்று போட்டுக்கொண்டே வந்து எங்கள் தெருமுனையில் நிறுத்தினார்கள். நிறுத்தியே விட்டார்கள். ஜல்லி தீர்ந்துபோச்சாம். தார் போட்டால்தான் சாமி வரும், தாரோ முனையோடு சரி. என் வீடு முனையிலிருந்து முதல் வீடு. தாரும் மண்ணும் சேருகிற அந்தக் கோட்டை என் வாசலில் நின்றே பார்க்கலாம்.

பெரியம்மா கடையிலிருந்து வந்தவள் அந்தக் கோட்டின் மேல் வெகுநேரம் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் காலை வைத்தாள், சுரீரென்று எடுத்தாள். மண்ணில் வைத்தாள். மறுபடியும் தாரில் வைத்துப் பார்த்தாள். எனக்கு அவள் பைத்தியம் மாதிரி தெரிந்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து நின்றாள். நான் அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில், நானே நேரில் போய்க் கூப்பிட்டால் தவிர அவள் என் வாசலுக்கு வந்ததில்லை. உள்ளே வராமலேயே சொன்னாள். 'நாளிக்கு முனைக்குப் போவாத. கொடத்த உன் வாசல்ல வச்சிக்கினு நில்லு.' அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். யார் வீட்டுப் படியையும் மிதிக்காதவள், அன்றைக்குத் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். பத்து வருஷமாக முகம் பார்க்காத ஒரு பங்காளி வீட்டுக்கும் போனாள். நான் பின்னாலேயே போனேன், பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாரும் பயந்தார்கள். மழைச் சாமிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதா, பாவம் வந்து சேராதா என்றார்கள். சப்பரம் இனி முனைக்கும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றார் ஒருவர். அதுதான் என் பயமும். இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

'தண்ணி இல்லன்னு யாரு சொன்னா? வாசல்ல இருக்குது. வந்து வாங்கிக்கட்டும்.'

ஒவ்வொரு வீட்டிலும் இதையே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் உச்சி வேளைக்குச் சப்பரம் கிளம்பியது. கோயில் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர், கால் தாங்கியது. குடியானத் தெருவிலும் அப்படியே. அதைத் தாண்டினால் வாய்க்காலோரம், வீடு இல்லை, இப்போது மரமும் இல்லை. புதுத் தார் இளகிக் கிடந்தது. வழக்கமாக அந்த நீளத்தை நடந்து முடித்ததும் எங்கள் முனைத் தண்ணீர் காலில் விழும். அதை நம்பித்தான் வந்தார்கள்.

முனையில் யாரும் இல்லை.

நான் என் வாசலில் குடத்தோடு நின்றேன். சப்பரம் வந்து தாரின் விளிம்பில் நின்றது. தூக்குகிறவர்கள் இந்தக் காலை எடுத்து அந்தக் காலை வைத்துத் தவித்தார்கள். அதில் சப்பரம் குலுங்கி, மேலே அருளப்பர் ஆட்டுக்குட்டியோடு ஆடிக்கொண்டிருந்தார். இறக்கி வைக்கவும் முடியாது. உள்ளே மண் தெரு, இரண்டு பக்கமும் வேப்பமர நிழல், வாசலுக்கு வாசல் மஞ்சத் தண்ணீர். பின்னால் வந்த கமிட்டித் தலைவர் திருப்பு, திருப்பு என்றார். திரும்பினால் வந்த அதே தார். முன்தண்டில் இருந்தது அவருடைய மகன். தினமும் காலையில் பெரியம்மா கடையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன்.

'நைனா, கால் வேவுது' என்றான். சொல்லிவிட்டு உள்ளே நடந்தான்.

சப்பரம் மண்ணில் இறங்கியது. என் வாசலுக்கு முன்னால் வந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குடத்தை அப்படியே கவிழ்த்தேன். அழுதேன். எதிர்வீட்டில் ஊற்றினார்கள், அடுத்த வீட்டில் ஊற்றினார்கள். பம்பைக்காரர் ஒரு கணம் நிறுத்தியவர் முன்னைவிட வேகமாக அடிக்க ஆரம்பித்தார். தெருவே ஈரமாகிவிட்டது. தலைவர் மட்டும் தாரிலேயே நின்றார், அவர் காலில் செருப்பு இருந்தது.

பெரியம்மா வீடு தெருக்கோடியில். சப்பரம் அங்கே போய் நின்றது. நாங்கள் எல்லாரும் காலிக் குடத்தோடு பின்னாலேயே போனோம். அவள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். அந்தப் பையனுக்கு இப்போது கால் ஆறியிருந்தது, முகத்தில் சிரிப்புக்கூட வந்திருந்தது. 'இட்லிக்காரம்மா, ஊத்து, ஜல்தி' என்றான்.

அவள் ஊற்றவில்லை.

'குடியானத் தெருவுல வாசலுக்கு வாசல் நின்னு இன்னான்னு கேட்ட?'

அவன் சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் வாசலில் அவன் குரல் கொடுக்கவில்லை. எந்த வாசலிலும் கொடுக்கவில்லை. காலை நீட்டினான், நாங்கள் ஊற்றினோம். கூப்பிடாமலேயே ஊற்றிவிட்டோம் என்பதுகூடத் தெரியாத அளவுக்கு எங்களுக்கு அவசரம்.

அவன் திரும்பி முனையில் நிற்கிற அப்பாவைப் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பம்பை நின்றுவிட்டது. பிறகு அவன் சத்தமாகவே சொன்னான்.

'தாயே, தண்ணி.'

நான் அவள் ஊற்றுவாள் என்று நினைத்தேன். எத்தனை வருஷம் அந்த வாசலில் நின்றவள். குடம் இடுப்பிலேயே இருந்தது.

'எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு? மொத வூட்லேந்து வா' என்றாள்.

சப்பரத்தை அந்தக் குறுகின தெருக்கோடியில் திருப்புவது லேசில்லை. திருப்பினார்கள். வந்த வழியே நடந்து, தாரின் விளிம்புவரை போய், மறுபடியும் என் வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் அதற்குள் ஓடிப்போய் வாசலில் நின்றிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். 'தாயே, தண்ணி.'

என் குடத்தில் ஒரு சொட்டு மஞ்சத் தண்ணீர் இல்லை. அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா நிறைகுடத்தோடு தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். என் படியேறி, என் குடத்தில் ஒரு கை கொள்கிற அளவு ஊற்றினாள்.

'இப்ப ஊத்துடி' என்றாள். ஊற்றினேன். அடுத்த வீட்டு வாசலில் குரல் கேட்டது, அவள் குடத்தோடு அந்தப் படி ஏறினாள்.